பச்சை உடம்புக்காரி கேட்ட கேள்விகள்: சுகப்பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறுவது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் பிறந்து, ஏற்காடு மலைக் கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக நடந்தவள் நான். பிரசவமான வீட்டுக்குள் போனதும் எல்லோரும் குழந்தையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "எடை கூடியிருக்கிறதா பாருங்கள் நர்சம்மா" என்பார்கள். பெற்றவள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் வேறு யாராவது "அவளுக்கென்ன, சுகப்பிரசவம்தானே" என்று பதில் சொல்லிவிடுவார்கள். பிறகு என்னை வழியனுப்பும் சாக்கில் வாசல் வரை வந்து, தணிந்த குரலில் அவள் கேட்பாள். அப்படி வாசலில் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்றே கேட்டுப் பழகிய பெண்களுக்கு, எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சுகப்பிரசவம்தானே, பத்து நாளில் பழையபடி ஆகிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

எழுந்து நடப்பதை அன்றைக்கே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் தேறுவது வேறு. குழந்தை பிறந்த உடனே கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன், தொப்புள் உயரத்தில் கெட்டியாக இருக்கும். நாளுக்கு ஒரு விரல்கடை வீதம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் சுருங்கிச் சுருங்கி 70 கிராம் அளவுக்கு வந்துவிடும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருக்கிறது. அது ஆறுவதற்கும் அதே ஆறு வாரம் ஆகும். முழங்கையில் அந்த அளவு புண் இருந்தால் அந்த வீட்டில் யாரும் அவளிடம் வேலை வாங்க மாட்டார்கள். உள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தளர்ந்த தசைகளும் மூட்டுகளும் பழைய பலத்துக்கு வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் கூட ஆகும்.

உதிரப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? எவ்வளவு போனால் அதிகம்?

முதல் மூன்று நான்கு நாள் மாதவிலக்கைவிட அதிகமாக, நல்ல சிவப்பாகப் போகும். பிறகு இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் வெளுத்து, பத்து நாளுக்கு மேல் மஞ்சளும் வெள்ளையுமாகக் குறையும். நான்கு முதல் ஆறு வாரம் வரை கசிவு இருப்பது இயல்பு. படுத்திருந்து எழும்போது குபுக்கென்று கொஞ்சம் வந்தால் தேங்கியிருந்தது வெளியேறுகிறது என்று பொருள். வெளுத்து வந்த போக்கு, துணி துவைத்த அன்று அல்லது படியேறி இறங்கிய அன்று மறுபடி சிவந்தால், அன்றைக்கு நீங்கள் அதிகமாக உழைத்துவிட்டீர்கள். படுத்து ஓய்வெடுங்கள், குறைந்துவிடும்.

இனி பொறுக்கக் கூடாதது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய நாப்கின் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால் உடனே புறப்பட வேண்டும். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தாலும், தலை சுற்றினாலும், நெஞ்சு படபடத்துக் கை கால் சில்லிட்டாலும் அப்படியே. "கெட்ட ரத்தம், போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. போவது உங்கள் ரத்தம்தான்.

நாகலூர் தாண்டி ஒரு வீட்டில், பிரசவமாகி ஒன்பதாம் நாள். "கொஞ்சம் போகிறது" என்றாள் அந்தப் பெண். முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. புறக்கடையில் பிளாஸ்டிக் வாளியில் ஊறிய துணிகளைக் குச்சியால் புரட்டி எண்ணினேன். காலையிலிருந்து பதினொன்று. 108-ஐ அழைத்துக் கீழே அனுப்பினோம். நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்தது. அதை எடுத்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து நான் "எவ்வளவு போகிறது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்று எத்தனை துணி மாற்றினாய்?" என்றுதான் கேட்கிறேன். நீங்களும் எண்ணிக்கையாகவே சொல்லுங்கள்.

துணி பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் வெயிலில் காய வேண்டும். ஏற்காட்டில் மழைக் காலத்திலும் பனிக் காலத்திலும் மூன்று நாளானாலும் துணி ஈரமாகவே இருக்கும். ஈரத் துணியை வைக்காதீர்கள், இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு மாதத்துக்காவது நாப்கின் வாங்கித் தரச் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் டாம்பானும் கப்பும் இப்போது வேண்டாம்.

பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. ஏதாவது ஆகிவிட்டதா?

இல்லை. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் கருப்பையையும் சுருக்குகிறது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வலி அதிகமாக இருக்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பால் கொடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள், வலி குறையும். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதற்குத் தடையில்லை.

தையல் போட்டிருக்கிறார்கள். உட்காரவே பயமாக இருக்கிறது. எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில், எந்த அளவுக் கிழிசல் என்று மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோலோடு நின்றது ஒன்று, தசை வரை போனது இரண்டு. மலவாயைச் சுற்றிய தசை வரை போனால் மூன்று, மலக்குடலின் உட்சுவர் வரை போனால் நான்கு. மருத்துவரே வழி வெட்டிப் போடும் தையல் பெரும்பாலும் இரண்டாவது அளவுக்குச் சமம். மூன்று, நான்கு என்றால் மலம் இளகும் மருந்தும் மறுபரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

முதல் இரண்டு நாள் வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் நல்லது. சுத்தமான துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். "பச்சை உடம்புக்கு ஐஸா!" என்று வீடே எழுந்து நிற்கும். விழுங்கவில்லை, வீங்கிய இடத்தில் வைக்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அதன் பிறகு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நாளைக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் உட்காரலாம். உப்புப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், பேசின் சுத்தமாக இருப்பதுதான் முக்கியம். சிறுநீர் கழிக்கும்போதே ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் எரிச்சல் தெரியாது. முன்னாலிருந்து பின்னாக ஒற்றித் துடையுங்கள். மஞ்சள், சாம்பல், வேப்பெண்ணெய் எதுவும் தையலில் பட வேண்டாம். தணலுக்கு மேல் நிற்க வைத்துப் புகை காட்டுவதும் வேண்டாம். மரத்திருக்கும் தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

நூல் தானாகக் கரையும். சில வாரம் கழித்து நாப்கினில் ஒரு துண்டு நூல் கிடந்தால் தையல் பிரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும், அதுதான் அளவுகோல். குறைந்த வலி திரும்ப ஏறினாலும், நாற்றம், சீழ், காய்ச்சல் வந்தாலும், தையல் வாய் திறந்தாலும் அன்றே காட்டுங்கள்.

மலம் கழிக்கப் பயந்து மூன்று நாளாக அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. அடக்க அடக்கக் கெட்டியாகி, நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுவே நடக்கும். முக்காமல் போனால் தையல் பிரியாது. ஒரு சுத்தமான நாப்கினை மடித்துத் தையல் மீது கையால் லேசாகத் தாங்கிக்கொண்டால் தைரியமாக இருக்கும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு சின்ன மணை போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். தண்ணீர், கீரை, பழம், இவற்றுக்கும் இளகாவிட்டால் மருத்துவரிடம் இளக்கி மருந்து கேளுங்கள். மூலம் வெளியே தள்ளியிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. சிறுநீர் விஷயம் இன்னும் அவசரம். பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் கழித்தாக வேண்டும். வரவில்லை என்றால் வார்டு செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். பத்தியம் இருக்கலாமா?

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. சித்திரை மாதம், சேலத்து வெயில். ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, கம்பளி போர்த்தி, நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்துப் படுக்க வைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். உதடு வெடித்து, சிறுநீர் அடர் மஞ்சளாகி, தலை வலித்து, பால் குறைகிறது என்று அழுவார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வயிற்றைப் பெருக்காது, தையலைக் கெடுக்காது. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும்.

பத்தியச் சமையல் முழுவதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழி ரசம், கருவாடு, பால்சுறா, மிளகு, கருப்பட்டி எல்லாம் நல்ல சாப்பாடுதான். பிரசவ லேகியமும் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்றால், சேர்க்கச் சொல்வதில் இல்லை, விலக்கச் சொல்வதில். கீரை ஆகாது, பழம் ஆகாது, பருப்பு ஆகாது, ஒரு வேளைதான் சோறு என்று விலக்கினால் உடம்பு எதை வைத்துத் தேறும்? முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். இன்னும் ஒரு முழு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சாமையும் ராகியும் இருக்கின்றன, கீரைக்கும் அவரைக்கும் பஞ்சமில்லை. தாய் ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் உண்மையில்லை.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள், தினம் ஒன்று போட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை நாளைக்கு இரண்டு, ஆறு மாதத்துக்கு. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்று மற்றதைச் சேரவிடாது. காபி விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தாயின் வயிற்றுக்காகத் தரப்படுபவை. பெட்டகத்திலுள்ள பேரீச்சம்பழத்தை மற்றவர்கள் தின்று தீர்ப்பதைப் பார்த்து நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினால் தொப்பை போகுமா?

போகாது. தளர்வாகக் கட்டினால் நடக்கும்போது இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், அதற்காக மட்டும் கட்டலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே போய், ஏற்கெனவே தளர்ந்த அடித்தசையைத் தள்ளும். மல்லாந்து படுத்துத் தலையை லேசாகத் தூக்கும்போது வயிற்றின் நடுவே மேடு போலப் புடைத்தால் வயிற்றுத் தசை விலகியிருக்கிறது. பலருக்கு இரண்டு மாதத்தில் நெருங்கி வரும். அதற்கு மேலும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்கிறார் அத்தை.

அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பாவம். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல பெண்களுக்கு இது வருகிறது, பயிற்சியால் பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது.

சபையில் காற்றை அடக்குவீர்கள் அல்லவா, அந்தத் தசையைச் சுருக்கி மேல்நோக்கி இழுங்கள். கூடவே சிறுநீரை நிறுத்துவது போன்ற எண்ணத்துடன் முன்பக்கத்தையும் இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். நாளாக நாளாகப் பத்து எண்ணும் வரை கூட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. தையல் இருந்தாலும் வலிக்காத அளவுக்கு முதல் வாரத்திலேயே தொடங்கலாம். பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் கசிவு நிற்காவிட்டாலும், கீழே ஏதோ இறங்கி வருவது போல இருந்தாலும், மலத்தையோ காற்றையோ அடக்க முடியாவிட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்? தறி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது.

முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பதுதான் கணக்கு. குடத்துத் தண்ணீர், விறகுக் கட்டு, அரிசி மூட்டை எல்லாம் அதில் அடங்கும். காபிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் மலையில் ஆள் கிடைக்காது. ஒரு மாதப் பச்சை உடம்போடு இடுப்பில் கூடையைக் கட்டிச் சரிவில் ஏறும் பெண்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு வலிக்கும். அப்படிப் போனவர்களில் சிலரைப் பத்து ஆண்டு கழித்துக் கருப்பை இறங்கிய நிலையில் மறுபடி பார்த்தேன். அம்மாபேட்டைக்காரிக்குத் தறி. குழியில் கால் தொங்கவிட்டு மிதிப்பது தையல் முழுவதும் ஆறிய பிறகுதான். அதுவும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்து.

இதற்காக நாற்பது நாளும் படுத்தே கிடக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற காலத்தைவிட அதிகம். வீட்டுக்குள், திண்ணையில், தெருக்கோடி வரை என்று கூட்டிக்கொண்டே நடங்கள்.

மார்பு கல் போல ஆகிவிட்டது.

மூன்றாம், நான்காம் நாள் பால் இறங்கும்போது இப்படிக் கட்டிக்கொள்ளும். அடிக்கடி குழந்தையைச் சப்ப விடுங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பீய்ச்சி இளக்கி, கொடுத்த பிறகு குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாதவை எவை?

ரத்தப்போக்கை முன்பே சொல்லிவிட்டேன். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, அடிவயிற்றில் தொட முடியாத வலி. விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குதல். இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளங்கள், கர்ப்பத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் ஆறு வாரம் வரை வரலாம். வலிப்பு வந்தால் "ஜன்னி" என்று மந்திரிக்க உட்கார வேண்டாம், 108. ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலும் 108.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. சேலம் அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் வரும். அதனால் "விடியட்டும், பார்க்கலாம்" என்பது கீழே இருப்பவர்களைவிட உங்களுக்கு ஆபத்து. மாலையில் சந்தேகம் வந்தால் மாலையிலேயே இறங்கிவிடுங்கள்.

எப்போது கணவருடன் சேரலாம்? மாதவிலக்கு வராதவரை கரு தங்காது என்கிறார்கள்.

உதிரப்போக்கு நின்று, தையல் ஆறி, உங்களுக்கும் மனம் வந்த பிறகு. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குப் பிறகு. பால் கொடுக்கும் காலத்தில் உள்ளே வறண்டிருக்கும், வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகும், அதனால் விலக்கு வராமலே கரு தங்கலாம். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் வராமல், குழந்தைக்கு ஆறு மாதமும் ஆகாமல் இருந்தால் மட்டும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் போயிற்று. கருத்தடைக்குக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அல்லது ஆறு வாரம் கழித்துப் போடலாம். அந்தாரா என்ற கருத்தடை ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு. சாயா என்ற கருத்தடை மாத்திரையும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது. இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருத்தடை மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

முதல் இரண்டு வாரம் பலருக்கு வரும், தூக்கம் கிடைத்தால் தணியும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்த்தால் வெறுமையாக இருந்தால், சாக வேண்டும் என்று தோன்றினால் அது நோய், உங்கள் குணக்கேடு அல்ல. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். இல்லாத குரல் கேட்பதும், நாள் கணக்கில் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுவதும் அவசரச் சிகிச்சைக்கு உரியவை. பேய் ஓட்டக் கூட்டிப் போகாதீர்கள்.

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது.

மூன்றாம், நான்காம் மாதம் தொடங்கும். ஒரு வருடத்துக்குள் முளைத்துவிடும். எண்ணெய் மாற்றிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

42-ஆம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிறோம். எனக்கும் பார்ப்பார்களா?

கேட்டால் பார்ப்பார்கள். கேளுங்கள். ரத்த அழுத்தம், ரத்தத்தில் இரும்பின் அளவு, தையல், மார்பு, கருப்பை சுருங்கிய அளவு, கசிவு, தூக்கம், கருத்தடை, இவ்வளவும் உங்களுக்கு உரியவை. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் சர்க்கரைப் பரிசோதனையும் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது மறந்துவிடும் என்றால் முந்தைய இரவே ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வையுங்கள். பேச வெட்கமாக இருந்தால் அந்தத் தாளைச் செவிலியர் கையில் கொடுத்தாலும் போதும். மஞ்சக்குட்டையிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் அப்படித்தான் கொடுத்தாள். காபிக் கடை பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்பது கேள்விகள் எழுதியிருந்தாள். குழந்தையை அவளுடைய மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஒன்பதுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன்.